அகத்தித் தழையிலிருந்து புரதம்: பத்துக் கிலோவுக்கு அரைக் கிலோ

கடந்த கார்த்திகையின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, பத்துக் கிலோ அகத்திக் கீரையிலிருந்து 520 கிராம் ஈரப் புரதம் கிடைத்தது. உள்ளங்கையில் வைத்துப் பிடித்தால் புட்டு மாவைப் போல் பிடிபட்டது. விரலால் தட்டினால் உதிர்ந்தது. அந்தப் பதம் வருவதற்கு ஆவணியிலிருந்து ஏழு முறை முயல வேண்டியிருந்தது. முதல் ஆறில் எது எங்கே தவறியது என்பதை எழுதி வைக்காவிட்டால், அடுத்த ஆண்டு நானே மறந்துபோய் மறுபடியும் வெட்கிரைண்டரில் தழையைப் போட்டுவிடுவேன் என்பதால் இந்தப் பதிவு.

பாபநாசம் பக்கத்தில், குடமுருட்டிக் கரையை ஒட்டி எங்களுக்கு ஒரு மா கொடிக்கால் இருக்கிறது. சென்ட் கணக்கில் 33. கொடிக்கால் என்றால் வெற்றிலை மட்டுமன்று, கொடி பற்றி ஏறுவதற்கான அகத்தியும் சேர்ந்ததுதான். மழை பிடிப்பதற்கு முன் நிழலைக் குறைக்க அகத்திக் கிளைகளைக் கழித்துவிடுவோம். கழித்த தழையில் ஒரு பங்கு ஆட்டுக்காரர்களுக்குப் போகும். அமாவாசைக்கு முந்தின நாள் மட்டும், பசுவுக்குக் கொடுப்பவர்களை நம்பிக் கோயில் வாசல் கடைக்காரர் கட்டுக் கட்டாக வாங்கிக்கொள்வார். மிச்சம் வரப்பிலேயே கிடந்து காயும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் அகத்திக் கீரைக்கு 8.4 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறது. முருங்கைக் கீரைக்கே 6.7தான். அந்த எண்ணைப் பார்த்தபிறகு வரப்பில் காயும் தழையைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

இலையை அரைத்து, சாற்றைப் பிழிந்து, சூடாக்கித் திரளவைத்து, திரண்டதை வடிப்பது என்பது புதிய வேலையன்று. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் என். டபிள்யூ. பிரி என்பவர் இரண்டாம் உலகப் போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டை முன்னிட்டு இதைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் விடாமல் செய்தார். 1970களில் கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் கல்லூரியினர் குதிரைமசால் என்ற தீவனப் பயிரின் இலைப் புரதத்தைச் சிறு குழந்தைகளுக்கு உணவில் சேர்த்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே செய்ய முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில், கையில் இருக்கும் சாமான்களை வைத்துச் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி.

தழையை எங்கிருந்து எடுப்பது என்பதிலேயே முதல் சிக்கல் வந்தது. வெற்றிலையின் வாடல் நோய்க்காக மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைக் கொடிக்காலில் ஊற்றுவதும் தெளிப்பதும் வழக்கம். செம்பு படிந்த இலையைக் கழுவினால் போதும் என்று நான் நம்பவில்லை. அதுவும் பத்துக் கிலோவைப் பிழிந்து அரைக் கிலோவாகச் சுருக்கும் வேலையில், இலையோடு வரும் வேண்டாத பொருளும் சேர்ந்து சுருங்கி நிற்கக்கூடும். ஆகையால் வாய்க்கால் ஓரமாக வேலிக்கென்று விட்டிருந்த ஒரு வரிசை அகத்தியை மட்டும் மருந்து படாமல் ஒதுக்கிக்கொண்டேன். பதினாறு கிலோ கிளை ஒடித்தால், காம்பும் ஈர்க்கும் போகச் சுமார் பத்துக் கிலோ இலை தேறும். உருவுவதற்கு இரண்டு பேருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது.

முதல் முயற்சி வீட்டு மிக்ஸியில். ஒரு கிலோ இலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்து ஆறு தடவையாக அரைத்து, தேங்காய்ப்பால் பிழியும் துணியில் கட்டி, நானும் மனைவியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினோம். 950 மில்லி சாறு வந்தது. அதை எரிவாயு அடுப்பில் சின்னத் தீயில் வைத்தது பெரும் பிழை. இருபது நிமிடம் மெதுவாகச் சூடேறிய சாறு கட்டியாகத் திரளாமல், ரவையைவிடப் பொடியான துகள்களாகப் பிரிந்து துணியின் கண்களை அடைத்துக்கொண்டது. இரவெல்லாம் சொட்டிய பிறகு துணியில் மிஞ்சியது 17 கிராம். மனைவி அதைச் சுரண்டி எடுத்துத் தட்டில் வைத்து, "இதுக்கு ஒரு கிலோ கீரையைத் துவட்டியிருந்தா நாலு பேர் சாப்பிட்டிருக்கலாம்" என்றார். மறுக்க முடியாத பேச்சு.

அரைப்பு போதவில்லை என்று தீர்மானித்து அடுத்து வெட்கிரைண்டருக்குப் போனேன். மூன்று கிலோ இலை கல்லுக்குள் அகப்படாமல் கல்லின் முதுகில் ஏறிச் சுற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீர் விட்டதும் அகத்தி நுரைக்கத் தொடங்கியது. சோப்பு கரைத்ததுபோல் எழுந்த அந்த நுரை பாத்திரத்தைத் தாண்டித் தரையில் வழிந்தது. நாற்பது நிமிடம் ஓட்டியபின் விழுதும் கல்லும் சூடாகி, பச்சை நிறம் பழுப்பாக மாறிப்போயிருந்தது. அரைபட்ட இலை காற்றுப் பட்டுக் கிடக்கக் கிடக்க அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் புரதத்தோடு பிணைந்துகொள்கின்றன. பிறகு அது சாற்றில் வருவதும் குறைகிறது, வந்தது எளிதில் செரிப்பதும் இல்லை. அன்று பிழிந்ததை அப்படியே எருக்குழியில் கொட்டினேன்.

மூன்றாவது முயற்சியைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் கரும்புச்சாறு பிழிபவரிடம் ஐம்பது ரூபாய் கொடுத்து, வாழைநாரால் கட்டிய அகத்திக் கற்றைகளை உருளைக்கிடையே விடச் சொன்னேன். கற்றை நசுங்கியதே தவிர இலை கிழியவில்லை. இரண்டு கிலோவுக்கு ஒரு டம்ளர் சாறு வந்தது. இயந்திரத்தைக் கழுவிய பிறகும் அடுத்த வாடிக்கையாளருடைய கரும்புச்சாறு பச்சையாகவே இறங்க, "அண்ணே, இனிமே கீரையைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வராதீங்க" என்றார். ஆனாலும் அந்த ஐம்பது ரூபாய் வீண் போகவில்லை. இலையைச் சிதைப்பது ஒரு வேலை, சாற்றைப் பிரிப்பது வேறொரு வேலை, இரண்டையும் ஒரே இயந்திரத்தில் எதிர்பார்க்கக் கூடாது என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது.

சிதைப்பதற்குக் கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரர் ஒருவரிடமிருந்து ஐந்து லிட்டர் ஜாருடைய ஓட்டல் மிக்ஸியை நாள் வாடகை 150 ரூபாய்க்கு எடுத்தேன். ஒரு ஜாருக்கு ஒரு கிலோ இலை, ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீர், 45 விநாடி. அதற்கு மேல் ஓட்டினால் நுரை கூடுகிறதே ஒழியச் சாறு கூடவில்லை. நான்காவது முயற்சியில் ஐந்து கிலோவை இப்படி அரைத்துக் கையாலேயே பிழிந்து, இம்முறை தீ குறையக் கூடாது என்று கொல்லையில் விறகடுப்பு மூட்டிச் சாறு முழுவதையும் ஒரே அண்டாவில் ஏற்றினேன். அண்டாவில் முக்கால் அளவுக்குச் சாறு இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. கொதி வரும் நேரத்தில் பச்சை நுரை பால் பொங்குவதைவிட வேகமாக எழுந்து, விளிம்பைக் கடந்து, அடுப்பையே அணைத்துவிட்டது. பாதிச் சாறு சாம்பலோடு போயிற்று.

அதன்பிறகு சூடாக்கும் முறையைத் தலைகீழாக மாற்றினேன். அண்டாவில் இரண்டு லிட்டர் தண்ணீரை மட்டும் தளதளவென்று கொதிக்கவைத்து, சாற்றை ஒரு சொம்பிலிருந்து மெல்லிய தாரையாக, கொதி அடங்காத வேகத்தில் ஊற்ற வேண்டும். இப்படிச் செய்தால் ஒவ்வொரு துளியும் விழுந்த கணத்திலேயே சூட்டைப் பெறுகிறது. பார்ப்பதற்கே நன்றாயிருக்கும் இடம் இதுதான்: கரும்பச்சைச் சாறு தண்ணீரைத் தொட்டதும் சிறு முடிச்சுகளாகத் திரண்டு, முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பாசி படர்ந்ததுபோல் மேலே மிதக்கின்றன, கரண்டியால் அதை ஒதுக்கிப் பார்த்தால் அடியில் பச்சையே இல்லாமல் கட்டன் தேநீர் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கிறது. அந்த நீர் தெளிந்திருந்தால் திரிதல் முடிந்தது என்று பொருள். கலங்கலாக இருந்தால் சூடு போதவில்லை. 180 ரூபாய் கொடுத்து வாங்கிய வெப்பமானி 80 டிகிரியைத் தாண்டும்போதே திரிதல் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது என்று காட்டினாலும், கிருமிகளை எண்ணி நன்றாகக் கொதிக்கவிட்டு இரண்டு நிமிடம் வைத்திருந்துதான் இறக்குகிறேன். இரும்புச் சட்டியில் ஒரு தடவை செய்து மை போல் கறுத்துப் போனதால், எவர்சில்வர் அல்லாத எதையும் இதற்குத் தொடுவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் விளைச்சல் கிலோவுக்கு 20 கிராமைத் தாண்டாததற்குக் காரணம் பிழிதல். முறுக்கிப் போட்ட சக்கையைக் கையில் எடுத்து மறுபடி அழுத்தினால் விரலிடுக்கில் பச்சை வழிந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பச்சைதான் நான் தேடியது. ஆகவே பிழிவதற்கென்று, இரண்டு டன் தூக்கும் எண்ணெய் அழுத்தக் கார் ஜாக்கி ஒன்றை 1,350 ரூபாய்க்கு வாங்கினேன். அதைத் தலைகீழாக நிறுத்தினால் எண்ணெய் வேலை செய்யாது என்று பட்டறைக்காரர் முன்பே சொல்லிவிட்டதால், ஜாக்கி கீழே நின்று தட்டைத் தூக்கி, மேலே உள்ள குறுக்குக் கம்பியில் சக்கை நசுங்கும்படி சட்டம் பற்றவைத்தோம். சட்டத்துக்கு 1,800, அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட எவர்சில்வர் பாத்திரத்துக்கு 650, நைலான் வலைத்துணிக்கு 240. வெப்பமானியையும் சேர்த்து மொத்தம் 4,220 ரூபாய். பாத்திரத்துக்குள் இறங்கும் கட்டையை வீட்டில் கிடந்த வாகைப் பலகையில் வட்டமாக அறுத்துக்கொண்டேன்.

ஐந்தாவது முயற்சியில் ஐந்து கிலோ விழுதையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பாத்திரத்தில் வைத்து ஜாக்கியை ஏற்றினேன். வெளிப்புறம் காய்ந்தது, நடுப்பகுதி சேறாகவே நின்றது. இன்னும் நாலு அழுத்து அழுத்தியபோது கட்டை ஒருபக்கம் சாய்ந்து துணி கிழிந்து, விழுது என் சட்டை மேல் பீய்ச்சியது. 150 கிராம் தேறியது. ஆறாவது முயற்சியில் விழுதை இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாத சிறு பொட்டலங்களாகத் துணியில் மடித்து, ஒவ்வொன்றுக்கும் இடையே ஓர் எவர்சில்வர் தட்டு வைத்து அடுக்கினேன். ஜாக்கியை ஒரேயடியாக ஏற்றாமல், ஐந்து அழுத்து, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி ஐந்து என்று சாறு இறங்க நேரம் கொடுத்தேன். ஒரு கிலோ இலையும் ஒரு லிட்டர் தண்ணீரும் சேர்ந்ததிலிருந்து கைமுறுக்கில் 950 மில்லியாக வந்த சாறு இப்போது 1.4 லிட்டராக வந்தது. பத்துக் கிலோவுக்கு 430 கிராம் ஈரப் புரதம். மூன்று மாதம் அரைப்பையும் அடுப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்ததற்குப் பதில் முதல் வாரமே ஜாக்கியை வாங்கியிருக்க வேண்டும்.

அந்த 430 கிராமும் வாய்க்குப் போகவில்லை. ஐப்பசி அடைமழையில் நிழலில் உலர்த்த வைத்து, மூன்றாம் நாள் தட்டில் வெள்ளைப் பூஞ்சையைப் பார்த்தேன். அதற்கு முன் புரட்டாசி வெயிலில் காயவைத்த சிறு அளவு வெளிறிப்போனதோடு, கட்டி கட்டியாக இறுகி, பொடித்த பிறகும் பல்லில் மணலாக நறநறத்தது. ஏழாவது முறை, வடித்த திரளை நல்ல தண்ணீரில் கரைத்து மறுபடி பிழிந்து, ஈரமாக இருக்கும்போதே மாவுச் சல்லடையில் தேய்த்து, மெல்லிய படலமாகப் பரப்பி, மின்விசிறிக்கடியில் உலர்த்தினேன். நூறு கிராம் ஈரத்திரள் காய்ந்தால் நாற்பது கிராம். உலராததை அன்றைக்கே பயன்படுத்த வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தாலும் இரண்டு மூன்று நாள்தான். காய்ந்த பொடியை ஒளி படாத டப்பாவில் வைக்கிறேன்.

கசப்பைப் பற்றிச் சொல்லாமல் தாண்டினால் பொய் சொன்னதாகும். கழுவி மறுபடி பிழிந்தபின் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆனால் அடிநாக்கில் ஒரு சுவடு நிற்கிறது, கூடவே வெட்டிய புல்லின் வாடை. அடைமாவில் கலந்தபோது நிறத்தைப் பார்த்தே பிள்ளைகள் தட்டைத் தள்ளினார்கள். கறிவேப்பிலைப் பொடியில் ஐந்துக்கு ஒரு பங்கு சேர்த்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. கரும்பச்சையாக இருக்க வேண்டிய பண்டத்தில் கரும்பச்சையைக் கலப்பதே வழி. அகத்தியைத் துவாதசிக்கு மட்டும் சமைக்கும் என் அம்மா, மருந்து சாப்பிடுபவர்கள் அதைத் தொடக் கூடாது, இரவில் உண்ணக் கூடாது என்ற இரண்டையும் இந்தப் பொடிக்கும் விதித்துவிட்டார், நாங்களும் மீறவில்லை. அளவிலும் கை நீட்டுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் குதிரைமசால் இலையிலிருந்து எடுக்கும் இதே வகைப் பொருளை அனுமதித்தபோது நாளொன்றுக்கு 10 கிராம் என்றே எல்லை வகுத்தது; எங்கள் வீட்டில் ஆளுக்கு அதில் பாதிகூட ஆகாது.

இடையில் ஒரு நாள் வெள்ளைப் புரதத்துக்கும் ஆசைப்பட்டேன். சாற்றை 60 டிகிரிக்குள் நிறுத்தினால் பச்சைப் பகுதி மட்டும் முதலில் திரியும். அதை வடித்துவிட்டு மிஞ்சிய தெளிவை 80க்கு மேல் ஏற்றினால் வெளிர்நிறப் பகுதி தனியே திரியும். விறகடுப்பில் 60ஐப் பிடித்து நிறுத்துவது நடக்கிற காரியமில்லை என்று கண்டு, சாற்றுப் பாத்திரத்தை வெந்நீர் அண்டாவுக்குள் இறக்கி வைத்துச் செய்தேன். ஐந்து லிட்டர் சாற்றுக்கு 38 கிராம், நெய்யடிக் கசடு போன்ற மங்கிய நிறத்தில் கிடைத்தது. மறுமுறை செய்யவில்லை.

கணக்குக்கு வருகிறேன். பத்துக் கிலோ இலையின் விலை 100, உருவு கூலி 300, வாடகை 150, விறகு 60. ஆக 610 ரூபாய். கிடைத்த 520 கிராம் உலர்ந்தபின் ஏறக்குறைய 205 கிராம். இத்தகைய பொடியில் பாதி புரதம் என்று வைத்துக்கொண்டால் 100 கிராம் புரதம். அதே 100 கிராம் புரதத்துக்குப் பொட்டுக்கடலை வாங்கினால் ஐம்பது அறுபது ரூபாயோடு முடிந்துவிடும். இதை யாரும் பிழைப்பாக எடுக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். வரவில் எழுத வேண்டியது, பிழிந்த சக்கை 5.7 கிலோ, அன்றைக்கே போட்டால் பக்கத்து வீட்டு ஆடுகள் தழையைத் தின்பதுபோலவே தின்கின்றன, மறுநாள் புளித்துவிட்டால் முகர்ந்துவிட்டு நகர்கின்றன. தெளிந்த பழுப்பு நீரை ஆறவைத்து, பத்துப் பங்கு தண்ணீர் கலந்து வாழைக்கு விடுகிறேன். கலக்காமல் ஊற்றிய ஓர் இளங்கன்று ஓரம் கருகியது.

அட்டவணை எண்ணை நம்பி அகத்தியில் இறங்கியதும் முழுக்கச் சரியில்லை என்பதைத் தட்டைப்பயறு காட்டியது. சம்பா அறுத்த வயலில் பத்துக் குழிக்கு (மூன்று சென்ட் சொச்சம்) தட்டைப்பயறு தெளித்து, பூ எடுப்பதற்கு முன், நாற்பதாம் நாள் காலையில் எட்டுக் கிலோ இலை கிள்ளினேன். நூறு கிராமுக்கு 3.4 கிராம் புரதம்தான், அகத்தியில் பாதிகூட இல்லை. ஆனால் அதே ஜார், அதே ஜாக்கியில் 380 கிராம் ஈரத்திரள் வந்தது. அகத்தியில் இருந்த புரதத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் எடுத்தேன். தட்டைப்பயற்றில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வந்திருக்கிறது. இலை மெத்தென்று இருப்பதால் நன்றாகச் சிதைகிறது, நுரை இல்லை, கசப்பும் இல்லை. இலையில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, இலை எவ்வளவை விட்டுக்கொடுக்கிறது என்பதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

வரும் தையில் தட்டைப்பயற்றை ஐம்பது குழிக்குத் தெளித்து, வாரம் ஒரு பாத்தியாகக் கிள்ளப்போகிறேன். அகத்தியைப் புரட்டாசியிலேயே, வெயில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். ஒடித்ததிலிருந்து கொதிக்கவைப்பது வரை இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும்படி உருவுவதற்கு இன்னும் இருவரைச் சேர்க்க வேண்டும். கட்டை சாயாமல் நேரே ஏறுவதற்கு, ஜாக்கிச் சட்டத்தின் இரு பக்கமும் வழிகாட்டிக் குழாய் பற்றவைக்கப் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். 400 ரூபாய் கேட்டிருக்கிறார்.